எழுந்து நிற்றலும் ஏற்றிப் போற்றுதலும்

1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10ஆம் திகதி மாலை, திருகோணமலைச் சீனக்குடாத் தளத்திலிருந்து 54 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள், போய்வர 3,800 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடக்க எண்ணி, ஜப்பானியர் வசமிருந்த சுமாத்திராவை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுட் பல, பலெம்பாங்கை அடுத்த பிளாஜு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின்மீது இருளிலே குண்டுகளைப் பொழிந்தன. சில, மூசி நதியிற் கண்ணிகளை விதைத்தன. திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து, கரைக்குச் சுமார் 90 மைல் தொலைவில் ஒரு விமானம் கடலில் விழுந்தது. மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள், துப்பாக்கி இயக்கிய ஒருவன் மட்டும் மாண்டான்.

நம் கீழைக் கடலில் மாண்ட அந்த அந்நியனை நினைவுகூர்வது தகுமா?

தகாது என்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. பலெம்பாங்கின் மக்களிற் பெரும்பாலோர், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் தொழுவோர் முகம் திருப்பும் அதே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள். அவர்கள் உறங்கும் வேளையில் அங்கே நெருப்பைக் கொண்டுசென்ற கூட்டத்தில் அவனும் ஒருவன். தகும் என்பாரோ, 1942 ஏப்ரலில் கொழும்பின்மீதும் திருகோணமலைமீதும் ஜப்பானியர் வீசிய குண்டுகளையும், மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் கப்பலையும் நினைவூட்டி, அத்தகைய விமானங்களுக்கு உயிரூட்டிய எண்ணெயை அழிப்பது அதர்மமாகாது என்று வாதிப்பர்.

குண்டை விடுவித்த கை அவனுடையதன்று, அவன் விமானத்தைக் காத்தவன் மாத்திரமே என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. அது சற்றே சௌகரியமான சமாதானம். ஒருவன் ஓட்ட, ஒருவன் வழி காட்ட, ஒருவன் குறி பார்க்க, ஒருவன் காவல் நிற்க, காரியம் ஒன்றாகவே நிறைவேறுகிறது. பங்கு பிரிப்பதனால் பொறுப்பு தேய்வதில்லை. ஆனால், பொறுப்பு உண்டென்று ஒப்புக்கொண்ட பிறகும் அவன் மரணம் மரணமாகவே நிற்கிறது. நமது வாதங்கள் பலவும் இந்த இடத்தை எட்டாமலே ஓய்ந்துவிடுகின்றன.

இக்கரையோர ஊர்களில், கடலுக்குப் போனவர் திரும்பாது, தேடிய தோணிகளும் வெறுமையாய் வந்து, இனி நம்பிக்கையில்லை என்று துணிந்தபின், ஜும்ஆ முடிந்ததும் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு அறிவிப்பார்கள். சனம் சஃபு சஃபாக நிற்கும். முன்னே மையித்து இராது, சந்தூக்கும் இராது. ருகூவும் சுஜூதும் இல்லாத அத்தொழுகை நான்கு தக்பீர்களோடு முடிந்துவிடும். அங்கே எவரும் அவருடைய வீரத்தை விவரிப்பதில்லை. அவர் கடன் பாக்கி வைத்திருந்தால், அது யார் பொறுப்பென்று வெளிப்படையாகவே கேட்பதும் உண்டு. உடல் கிடையாமையால் கடமை நீங்குவதில்லை. கடமையைச் செய்வதனால் கணக்கு மறைவதுமில்லை.

அத்தொழுகை முஸ்லிமுக்கே உரியது. அதை அந்தச் சிப்பாய்க்கு நீட்டவேண்டுமென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும், ஒரு யூதருடைய பிரேதம் தம்மைக் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) எழுந்து நின்றதையும், காரணம் வினவியவர்களிடம் அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்ற கருத்துப்படக் கேட்டதையும் அறிந்த சமூகத்துக்கு, எழுந்து நிற்பது வேறு, ஏற்றிப் போற்றுவது வேறு என்னும் பேதம் விளங்காததாகாது. முன்னையது எந்த மனிதனுக்கும் செல்லும். பின்னையது செயலை எடைபோட்ட பிறகே செல்லும். யுத்த நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே கல்லிற் குழைத்துவிடுகின்றன. தியாகம், தீரம் என்ற சொற்கள் பெரிய எழுத்தில் நிற்க, விமானம் எங்கே போனது, எதன்மேல் என்ன வீழ்த்தியது என்பன விடுபட்டுப்போகின்றன.

அவனுக்கொரு கல் நாட்டுவதானால் நாட்டட்டும். அவன் பெயரும் இருக்கட்டும். அதன் கீழே பலெம்பாங், பிளாஜு என்ற பெயர்களும் இருக்கவேண்டும். அவற்றைப் பொறிக்க இடம் போதாதென்றால், புகழுரையில் ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.