தொற்றும் தீட்டும்: யார் தொடுவது?

2020 ஏப்ரல் மாசம். ரேசன் கடை முன்னால சுண்ணாம்புத் தூளால வட்டம் வட்டமாப் போட்டு வச்சிருந்தாங்க. ஒரு வட்டத்துக்கு ஒரு ஆளு. அரசு அறிவித்த ஆயிரம் ரூபாயையும் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனியையும் வாங்க டோக்கனோடு நின்றோம். ஆமத்தூர் வெயில், கரிசல் மண்ணின் சூடு செருப்பையும் மீறிக் காலில் ஏறியது. எங்க சின்னாத்தா முப்பது வருசமாப் பயராபீசில் சரம் பின்னியவர். தன் வட்டத்துக்குள் நின்றபடி முன்னாடி பார்த்தார், பின்னாடி பார்த்தார். ஊர்த்தெருக்காரர்களும் அதே வரிசையில், அதே அளவு வட்டத்தில் நின்றார்கள்.

"ஏத்தா, இப்ப எல்லாருக்குமா வட்டம் போட்டுட்டாக?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னாத்தா சிரிக்கச் சொல்லவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு பலசரக்குக் கடையில் காசைக் கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டுமாம். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் காசை எடுப்பார். சாமானை உயரத்திலிருந்து முந்தியில் போடுவார். அந்தத் தூரத்தை அளக்கச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை, உடம்புக்கே தெரியும்.

அந்த நாட்களில் டிவியைத் திறந்தால் 'சமூக இடைவெளி'. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லைத் தவிர்த்து 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. உடம்புகள் விலகட்டும், மனிதர்கள் விலக வேண்டியதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நம்ம ஊர்ச் சுவர்களில் 'சமூக இடைவெளி'தான் நிலைத்து நின்றது. நின்றதில் ஆச்சரியம் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், "நீங்க என்ன சமூகம்?" என்றுதானே கேட்கிறார்கள். சாதி என்று சொல்லக் கூசுகிறவர்கள் வைத்துக்கொண்ட மரியாதைப் பெயர் அது. அந்தச் சொல்லோடு இடைவெளியையும் சேர்த்து அரசாங்கச் செலவில் சுவரில் எழுதினால் நாம் அதை எப்படி வாசிப்பது?

அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் ஒரு சம்பவத்தை எடுத்துத் தருகிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். அவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பெரிய மனிதர்கள் சொல்லி, பணமும் பேசி, கடைசியில் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். தெர்மாமீட்டரை டாக்டர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைக்கிறார். திரும்பவும் அதே வழியில் அது டாக்டர் கைக்குப் போகிறது. நிமோனியா என்றுவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

அந்த டாக்டர் தள்ளி நின்றது தொற்றுக்குப் பயந்து அல்ல. தொற்று என்பது கிருமியின் வேலை. கிருமி உடம்பைத்தான் பார்க்கும், அதற்கு ஒரு கால அளவு உண்டு, சோப்புப் போட்டால் போய்விடும். தீட்டுக்குக் கிருமியும் கிடையாது, காலமும் கிடையாது, சோப்பும் கிடையாது. இரண்டும் வேறு வேறு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் கொள்ளைநோய் வருகிற காலத்தில் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. "இப்பவாவது புரியுதா, நம்ம முன்னோர்கள் தொடாதேன்னு ஏன் சொன்னாங்கன்னு" என்று அந்த மாதங்களில் எத்தனை பேர் வாட்சப்பில் அனுப்பினார்கள்! கைகூப்பி வணக்கம் சொல்வது சுகாதாரம் என்றார்கள். யாரைத் தொடாமலிருக்க அந்தக் கை கூப்பப்பட்டது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இதனால் தள்ளி நிற்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்க தெருவிலேயே வேறொரு தூரம் இருந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பங்குழை செருகியிருப்பார்கள். பார்த்தால் உள்ளே போகக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டு மதினி கூழும் இளநீரும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "வச்சுட்டேன், எடுத்துக்கோ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை என்று யாரும் ஏசமாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் குழையை எடுத்துவிடுவார்கள், பிள்ளை தெருவுக்கு விளையாட வந்துவிடும். (வேப்பிலை நோயைத் தீர்த்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. 1980-ல் உலகமே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நான் பேசுவது மருந்தைப் பற்றி அல்ல.) அந்தத் தூரத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. தள்ளி வைத்தவர்களுக்குத் தள்ளி வைக்கப்பட்டவர்மேல் ஒரு கடன் இருந்தது, சோறு போடுகிற கடன். சாதித் தூரத்தில் இந்த இரண்டுமே இல்லை.

2020-ல் அரசு போட்டது எந்தத் தூரம்? மார்ச் 24, செவ்வாய்க்கிழமை ராத்திரி அறிவித்தார்கள், நள்ளிரவிலிருந்து 21 நாள் யாரும் வெளியே வரக் கூடாது என்று. பயராபீசில் சம்பளம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்க தெருவில் யார் கையில் காசு இருக்கும்? 'தேவையான பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிறவருக்கு வாழ்க்கை மாசக்கணக்கில் நடக்கிறது. நமக்கு வாரக்கணக்கு, கட்டட வேலைக்குப் போகிறவனுக்கு நாள்கணக்கு. முன்னெச்சரிக்கை என்பது நல்ல புத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு சொத்து. ஓட்டைப் பிரித்தால் வானம் தெரிகிற வீட்டில் அரிசி மூட்டையை எங்கே அடுக்குவது? இருபது விநாடி கைகழுவச் சொன்னார்கள். எங்க தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒருக்கத் தண்ணி. குழுக்கடனைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, வட்டி தள்ளி நிற்கவில்லை. அந்த வருசத் தீபாவளிக்கு டெல்லியிலும் இன்னும் பல மாநிலங்களிலும் வெடிக்குத் தடை போட்டார்கள். நோயாளிகளின் நுரையீரலுக்காகப் போட்ட தடை, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கருமருந்துத் தூசியை முப்பது வருசம் இழுத்த சின்னாத்தாவின் நுரையீரலை அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லையே. முகக்கவசம் என்று அரசு சொல்வதற்கு முன்னாலேயே பழைய சேலைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் எங்கள் பெண்கள்.

இது புதுக்கதையும் அல்ல. 1918-ல் விசக்காய்ச்சல் வந்தபோது பம்பாய் நகரத்தில் சாவுக் கணக்கைச் சாதிவாரியாக எடுத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை என்று பார்த்தால், ஐரோப்பியர்களில் 8 பேர், சாதி இந்துக்களில் 19 பேர், 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று எழுதப்பட்டவர்களில் 61 பேர். கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேலே எழுதினேன், இல்லையா? கிருமிக்குத் தெரியாது. ஒரே அறையில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதில் சாதி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் நாம் மேடையில் பேசுகிற விசயம்தான். எனக்குள்ளே அறுத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. எல்லாரும் தள்ளி நிற்க வேண்டும் என்றால், யாராவது சிலர் தொட்டாக வேண்டும். மூத்திரத் துணியை அலச வேண்டும். வாந்தியைத் துடைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குப்பையை அள்ள வேண்டும். பிணத்தைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் தூரமும் இன்னொருவரின் தொடுதலால்தான் சாத்தியமாகிறது. அந்த இன்னொருவர் யார் என்பதை இந்த நாட்டில் நோய் வந்த பிறகு யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. பிறப்பிலேயே முடிவாகிவிட்டது.

2020-ல் அவர்களுக்கு மாலை போட்டார்கள். தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். மாடியிலிருந்து பூத் தூவினார்கள், தெய்வம் என்றார்கள். துப்புரவைப் புனிதத் தொண்டாகக் காந்தி புகழ்ந்ததை, 1945-ல் வந்த காங்கிரசும் காந்தியும் பற்றிய நூலில் அம்பேத்கர் எவ்வளவு கோபமாக மறுத்தார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். விலக முடியாதவனிடம் போய் உன் வேலை உயர்ந்தது என்று சொல்வது அவனை அங்கேயே வைத்துப் பூட்டுவதற்குத்தான். பூத் தூவிய ஐந்தே வருசத்தில், 2025 ஆகஸ்டில், சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து அதே தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது.

பிணத்தின் கதையும் இப்படித்தான். 2020 ஏப்ரல் 19-ல் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமனின் உடலைச் சென்னை வேலங்காட்டு இடுகாட்டில் புதைக்கவிடாமல் கல்லும் கட்டையும் கொண்டு அடித்தார்கள். நண்பரான இன்னொரு டாக்டர் ராத்திரியில் மண்ணைத் தள்ளி மூடினார். நாடே பதறியது, பதற வேண்டியதுதான். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்குப் போக வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த உடலில் எந்தக் கிருமியும் இல்லை. அதற்கு அவசரச் சட்டம் வரவில்லை. தனிச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள், அப்படி ஒதுக்குவதே சாதிப் பிரிவினையை ஊக்குவிப்பதாகாதா என்று உயர்நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது.

அப்படியானால் நாம் என்ன செய்வது? தொடமாட்டோம் என்று சொல்வதா? நம் இயக்கத்தின் பெரிய சொல்லே அதுதான். செத்த மாடு தூக்கமாட்டோம், இழவு சொல்லப் போகமாட்டோம், குழி வெட்டமாட்டோம் என்று சொல்லித்தான் நம் ஆட்கள் நிமிர்ந்தார்கள்; அடியும் வாங்கினார்கள். அதை விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொரு பக்கம் சாவித்திரிபாய் நிற்கிறார். 1897-ல் புனேயில் பிளேக். நகருக்கு வெளியே மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவமனைக்கு, சேரியில் பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். நோய் அவருக்குத் தொற்றியது. மார்ச் 10-ல் இறந்தார். கொரோனாக் காலத்தில் தமுமுக தோழர்கள் சாதி மதம் பாராமல் பிணங்களை அடக்கம் செய்தார்கள், அதுவும் முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்பினார்கள் என்று பழி போட்ட அதே வருசத்தில். இவர்களும் தொட்டார்கள், துப்புரவுத் தொழிலாளியும் தொட்டார். ஒரே செயல்தானே?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். சாவித்திரிபாய் தொடாமல் வீட்டில் இருந்திருந்தால் யாரும் அவர் குடிசையைக் கொளுத்தியிருக்க மாட்டார்கள், ரேசனை நிறுத்தியிருக்க மாட்டார்கள். தொடமாட்டேன் என்று சொல்ல முடிகிறவர் தொடுகிறபோதுதான் அது அறம். சொல்ல முடியாதவரைத் தொட வைப்பது கொத்தடிமைத்தனம், அதற்கு எத்தனை மாலை போட்டாலும். கொள்ளைநோய்க்கு ஆயத்தம் என்று எதையாவது செய்வதானால் முதலில் எல்லாருக்கும் அந்த 'மாட்டேன்' கிடைக்க வேண்டும், பிறகு யார் தொடுவது என்பதை எல்லாரும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. தெருவில் பணம் பிரித்து விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினோம். ஒரு நோட்டுப் போட்டோம். எந்த வீட்டில் சுகர், எந்த வீட்டில் பிரசர், எவள் மாசமாக இருக்கிறாள், யாரிடம் வண்டி, யார் போனில் காசு இருக்கிறது. கடைசிப் பத்தி: 'யார் கூடப் போறது'. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக, திரும்பாவிட்டால் தூக்க. அந்தப் பத்திதான் நிரம்பவில்லை. காலேஜ் முடித்த ஒரு தம்பி, "அக்கா, அந்தப் பத்திய அடிங்க. எங்க தாத்தன் தொட்டதெல்லாம் போதும்" என்றான்.

அந்த வாரமே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் வீட்டிலேயே இறந்துவிட்டார், தூக்க ஒருத்தரும் வரவில்லை. எங்க தெருவுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். கேட்டு வரவில்லை, சொல்லிவிட்டிருந்தார்கள். வெகுநேரம் சண்டை நடந்தது. கடைசியில் ரெண்டு பேர் போனார்கள், மூன்று நிபந்தனையோடு: மகன்களும் கவச உடை போட்டு ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும், கூலியும் குவார்ட்டரும் வேண்டாம், எங்க தெருவில் சாவு விழுந்தால் பொதுப் பாதையில் போவோம். மகன்கள் முதலில் முழித்தார்கள். அப்புறம் உடையைப் போட்டுக்கொண்டார்கள். பெரிய மகனுக்குக் கை நடுங்கியதாகச் சொன்னார்கள். அப்பாவைத் தூக்குவதற்கு அல்ல, எங்க ஆளோடு ஒரே பாடையைப் பிடிப்பதற்கோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தப்பாகவும் இருக்கலாம். பாதை விசயத்தில் இன்றுவரை பேச்சுதான் நடக்கிறது.

அந்தத் தம்பி போகவில்லை. போனவர்களிடம் ரெண்டு மாசம் பேசவும் இல்லை. சின்னாத்தா மட்டும், "அவன் போகலன்னா என்ன, போகமாட்டேன்னு சொல்ல ஒரு பய இருக்கான்ல" என்றார்.

அண்மையில் அந்த நோட்டைத் திரும்ப எடுத்தோம். சுகர் பத்தி நீண்டுபோயிருக்கிறது. மூன்று பேரை அடித்துவிட்டு எழுத வேண்டியிருந்தது. 'யார் கூடப் போறது' பத்தியில் அந்தத் தம்பி தன் பேரைத் தானே எழுதியிருக்கிறான். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'நம்ம தெருவுக்கு மட்டும்' என்று.