முதுகில் நான்கு மடல்

பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எங்கள் பண்பொழியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அது விரியாமப் போச்சுன்னா?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளையாட்டில் பழகியவர்களிடம் உட்கார்ந்து பேசினால், அவர்கள் அதே அளவு அஞ்சுகிற இன்னொன்று உண்டு என்பது தெரியவரும். விரியக் கூடாத இடத்தில், விரியக் கூடாத நொடியில் அது விரிந்துவிட்டால் என்ன செய்வது?

2025 செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டல்லி அருகே அப்படித்தான் நடந்தது. செஸ்னா கேரவன் விமானம் 15,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. பதினாறு பேர் கைகோத்து வானில் ஒரு வடிவம் அமைக்க வேண்டும், பதினேழாமவர் படம் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். முதலில் கதவைத் தாண்டியவரின் ரிசர்வ் கைப்பிடி, விமான இறக்கையின் ஃபிளாப்பில் மாட்டியது. அவ்வளவுதான். ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட் அந்த இடத்திலேயே வெளியே பாய்ந்து, ஆளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய் விமானத்தின் வாலில் சுற்றிக்கொண்டது. அவர் வாலுக்கு அடியில் தொங்கினார். தன்னிடம் இருந்த கொக்கிக் கத்தியால் 11 கயிறுகளை அறுத்த பிறகே விடுபட்டார். பிரதான பாராசூட்டை விரித்து, கிழிந்த ரிசர்வ் துணி அதில் சுற்றிக் கிடக்க, சிறிய காயங்களோடு தரை சேர்ந்தார். வால் சேதமான விமானத்தை விமானி பத்திரமாக இறக்கினார். அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, கொக்கிக் கத்தி வைத்துக்கொள்வது உயிர் காக்கும் என்று எடுத்துச் சொன்னது.

அந்த விமானத்தில் ஏறிய ஒவ்வொருவருக்கும் முதுகில் ஒரு ரிக், அதாவது பாராசூட்டுகளும் பொதியும் பட்டைகளும் சேர்ந்த தொகுதி, இருந்தது. ஒவ்வொருவரும் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒருவரின் ரிக் தவறினால் விமானம் முழுவதும் சேர்ந்து விழக்கூடும். முதன்முதலாகச் சொந்த ரிக் வாங்கப் போகிறவர் இதை மனதில் நிறுத்தியாக வேண்டும். வாங்குவது தன் காசில்தான். அது அவிழ்ந்தால் வரும் ஆபத்து தன்னோடு நிற்பதில்லை.

முதுகில் இருக்கும் அந்தப் பொதியைக் கன்டெய்னர் என்கிறார்கள். அதில் இரண்டு அறைகள். மேல் அறையில் ரிசர்வ் பாராசூட், கீழ் அறையில் பிரதானமானது. கீழ் அறையை நான்கு மடல்கள் மூடுகின்றன: அடியிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொரு மடலின் நுனியிலும் உலோக வளையம் பதித்த ஒரு துளை. உள்ளிருந்து வரும் சிறு கயிற்று வளையம் ஒன்று, அதாவது லூப், நான்கு துளைகளையும் ஊடுருவி மேலே வரும். அந்த லூப்புக்குள் வளைந்த எஃகு ஊசி ஒன்றைச் செருகினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். அதுதான் பின். அதன் மேல் இன்னொரு சிறிய மடலை மூடிச் செருகிவிட்டால் பின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மனிதனின் உயிரைத் தாங்குகிற துணியையும் கயிறுகளையும் உள்ளே பிடித்து வைத்திருப்பது, விரல் நீளம்கூட இல்லாத அந்த ஊசியும் சுண்டுவிரல் அளவுக் கயிறும்தான்.

பண்பொழியில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்றோடு வாழ்ந்தவர்களுக்கு மடலின் அருமை சொல்லாமலே புரியும். அந்தக் காற்று தகரக் கூரையின் நடுவைத் தொடுவதே இல்லை. ஆணி தளர்ந்த ஓரம் ஒன்று கிடைத்தால் அதைத் தூக்கும், ஆட்டும், பிறகு தகடு முழுவதையும் பிய்த்துக்கொண்டு போகும். வயிறு கீழ்நோக்கி விழுகிறவர் மேல் மோதும் காற்றின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல். தலைகீழாக விழும் வகையில் அது 250-ஐத் தாண்டும். அந்த வேகத்தில், சரியாகச் செருகப்படாத ஒரு மடலின் ஓரம் போதும். முதலில் பின்னை மூடிய மடல் படபடக்கும். பின் வெளியே தெரியும். அதை நகர்த்தக் காற்றோ, பக்கத்தில் விழுகிறவரின் கால் இடறலோ போதுமானது.

பின் தானாக நழுவி அறை திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். பிரதான பாராசூட் மடித்து வைத்த பை வெளியே விழும், கயிறுகள் ஓடும். ஆனால் அதைத் தூக்கி இழுத்துச் செல்ல வேண்டிய சிறு பாராசூட், பைலட் சூட் என்பது, கன்டெய்னரின் அடிப்பக்க உறைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். இரு முனைகளும் உடலோடு மாட்டிக்கொண்டிருக்க, நடுவில் துணியும் கயிறும் தலைக்கு மேல் லாட வடிவில் துடிக்கும். இந்த நிலையில் ரிசர்வை இழுத்தால் அது அந்தச் சிக்கலுக்குள்ளேயே போய் மாட்டக்கூடும். யோசிக்க நேரமும் கிடையாது. எங்கள் ஊர்த் திருமலைக் குமாரசாமி கோயில் நிற்கிற குன்று ஏறக்குறைய 500 அடி உயரம். மூச்சு வாங்க நாம் படியேறுகிற அந்த உயரத்தை, விழுகிற மனிதன் மூன்று நொடியில் கடந்துவிடுவான். ஜெர்மனியில் 1991-இல் வந்த சைப்ரஸ் என்ற தானியங்கிக் கருவி, தரைக்குச் சுமார் 750 அடி உயரத்திலும் ஆள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வின் லூப்பைத் தானே வெட்டிவிடும். பலர் உயிரைக் காத்த கருவி அது. ஆனால் அது ரிசர்வுக்கு வழி திறந்துவிடும். மேலே சிக்கிக் கிடப்பதை விலக்கித் தராது.

ராணுவத்தில் பாராசூட்டைத் தேர்ந்து மடித்துக் கவனிக்கும் சுமை வேறு விதமாகப் பகிரப்படுகிறது. இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவரான மருத்துவ அதிகாரி ஏ.ஜி. ரங்கராஜ், 1951 மார்ச்சில் கொரியாவின் முன்சான் அருகே தம் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் வீரர்களோடு அமெரிக்கப் படையுடன் சேர்ந்து குதித்தார். மகாவீர் சக்ரா பெற்றார். அவரைப் போன்ற வீரர்கள் தங்கள் பாராசூட்டைக் கடையில் பார்த்து வாங்குவதில்லை, மடிப்பதும் இல்லை. மடிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் மடித்துத் தருவார்கள். விமானத்தில் மாட்டிய கயிறு அதை இழுத்துத் திறக்கும். விளையாட்டுக்குக் குதிக்கிறவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. எந்தக் கன்டெய்னர், எந்த அளவு, லூப் எத்தனை நீளம், பின் எவ்வளவு இறுக்கம் என்று எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்கிறார். ரிசர்வை மட்டும் உரிமம் பெற்ற ரிக்கர் மடித்து, சிவப்பு நூல் கட்டி முத்திரை வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும்.

துபாயில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அங்கேயே பயிற்சி முடித்து ஏ லைசென்ஸ் வாங்கியவன். குறைந்தது 25 முறை குதித்தவர்களுக்குத் தரப்படுவது அது. இப்போது சொந்த ரிக் வாங்கும் ஆசை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, விலைக்கு வந்த பழைய ரிக் ஒன்றை நண்பரிடமிருந்து பார்ப்பதற்காக எடுத்து வந்திருந்தான். திரும்பும் வழியில் ஹரியானாவின் நார்னௌலில் குதித்துப் பார்க்க எண்ணம். கருப்பும் ஆரஞ்சும் கலந்த அழகான பொதி, கச்சிதமாக இருந்தது. கூடத்தில் பாய் விரித்து அதைக் குப்புறப் போட்டான்.

"சின்னதா இருக்குல்லா மாமா? முதுகோட ஒட்டிக்கிடும்" என்றான்.

சிக்கல் அந்தச் சின்னதில்தான் இருந்தது. அவன் எடை 75 கிலோ. கருவிகளோடு சேர்ந்தால் 85, அதாவது சுமார் 187 பவுண்டு. புதியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது சதுர அடிக்கு ஒரு பவுண்டு அளவில் சுமை. அந்தக் கணக்குப்படி அவனுக்கு 190 சதுர அடிப் பாராசூட் வேண்டும். இந்தக் கன்டெய்னர் 150 சதுர அடிக்குத் தைத்தது. 150-இல் அவன் தொங்கினால் சதுர அடிக்கு ஒன்றேகால் பவுண்டு ஏறும். இறங்கும் வேகமும் திருப்பத்தின் கூர்மையும் ஏறும். 190-ஐ இதற்குள் திணித்தால் மடல்கள் ஒன்றையொன்று எட்டாமல் லூப் விறைத்துப் போகும். இழுக்க வேண்டிய நேரத்தில் பின் முரண்டு பிடிக்கலாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெரிய கன்டெய்னரில் சிறிய பாராசூட்டை வைத்தால் உள்ளே நிரப்பம் போதாது, லூப் தளர்ந்து கிடக்கும், பின் எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் பாராசூட்டின் அளவை முடிவு செய், பிறகு அதற்கேற்ற கன்டெய்னரைத் தேடு என்று ஓயாமல் சொல்கிறார்கள். புதியவர்களோ நிறத்தையும் மெலிவையும் பார்த்துக் கன்டெய்னரில் தொடங்குகிறார்கள். அடுத்த ஆண்டு நாம் எவ்வளவு தேறியிருப்போம் என்ற நம்பிக்கைக்கு இன்றைய உடம்பை அடகு வைக்கிற வேலை இது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

நான் அவனை மடல்களைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். பின்னை மூடும் மடலின் நுனி, செருகுப் பைக்குள் அரை விரல்தான் போயிற்று. முதுகை லேசாக வளைத்துத் தூக்கியதும் வெளியே வந்துவிட்டது. பல ஆண்டு மடங்கி மடங்கி அதன் விறைப்பு போயிருந்தது. தோளின் மேல், பாராசூட் கயிறுகள் வந்து சேரும் பட்டைகளான ரைசர்களை மூடுகிற மடல்களும் அப்படியே. பழைய வகைகளில் வெல்க்ரோ இருக்கும்; அது ஒட்டு தேய்ந்தால் மாற்றித் தைக்கலாம். இவை விறைப்பால் மட்டுமே நிற்பவை. பிறகு லூப். நடுவில் பூப்போல இழை பிரிந்திருந்தது. தேய்ந்த லூப்பை மாற்றுவதுதான் இந்த விளையாட்டிலேயே மிக மலிவான செலவு, இருந்தும் அதை விட்டுவைத்திருந்தார்கள். கடைசியாக அடிப்பக்கத்து உறை. பைலட் சூட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நெகிழும் துணி, தொளதொளவென்று வாய் பிளந்து கிடந்தது. அவன் ஒரு விரலால் கைப்பிடியைத் தட்டினான். பைலட் சூட்டில் பாதி வெளியே வந்து பாயில் கிடந்தது.

"விமானத்துக்குள்ள சீட்டுல உரசுனா என்ன ஆகும்டே?" என்று கேட்டேன்.

"கதவு திறந்திருந்தா அதுவே வெளிய போயிரும் மாமா. அப்புறம் என்னையும் இழுத்துட்டுப் போயிரும்" என்றான். பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். ரிக்கின் அழகு அதை மறைத்திருந்தது.

உறையையும் மடல்களையும் ரிக்கர் மாற்றித் தைத்துத் தரலாம். அளவை மாற்ற முடியாது. உடலைத் தாங்கும் பட்டைகளும் வேறொருவரின் நெஞ்சு நீளத்துக்கு வெட்டியவை. அவனுக்குத் தோளில் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றன. அப்படித் தளர்ந்த பட்டையில் ரிசர்வ் வெடுக்கென்று விரிந்தால் உடல் நழுவி, கைப்பிடிகள் கை பழகிய இடத்தில் இருக்காது. அந்த ரிக்கைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னான். பயிற்சி நிலையத்து ரிக்கையே இன்னும் சில மாதம் வாடகைக்கு எடுப்பதாகவும் ஒத்துக்கொண்டான். முகம் வாடித்தான் போயிற்று.

அவனுக்காவது பின் எது, லூப் எது என்று தெரியும். ஒரு நாள் ஆசைக்குப் பணம் கட்டிக் குதிக்க வருகிறவருக்கு எதுவும் தெரியாது. 2014 பிப்ரவரியில் சேலத்தில் முதன்முறையாகக் குதித்த பெங்களூரு இளம்பெண் ஒருவர், பாராசூட் சரியாக விரியாமல் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்தபோது இருந்த வேதனை இன்னும் எனக்குக் குறையவில்லை. பிறர் மடித்துத் தந்ததை நம்பி முதுகில் ஏற்றிக்கொண்டவர் அவர். சாகசச் சுற்றுலா வளர்ந்துகொண்டே போகிறது. குதிக்கக் கூட்டிப்போகும் முகாம்கள் நம் பக்கம் இன்னும் வரும். வரட்டும், வானத்தை ஆசைப்படுவதில் தவறில்லை.

அங்கே போகிறவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. ரிசர்வை மடித்தது யார், எந்தத் தேதியில்? ஒவ்வொரு ரிக்கிலும் அந்த விவரம் எழுதிய அட்டை ஒன்று இருக்க வேண்டும்; அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். தானியங்கிக் கருவி இயங்குகிறதா? ரிக்கை மாட்டும் முன், விமானத்தில் ஏறும் முன், கதவு திறக்கும் முன் என மூன்று முறை பின்னைப் பார்ப்பது யார் பொறுப்பு? ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. மடலைத் திறந்து காட்டிப் பதில் சொல்வார்கள். அட்டையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் விமானம் ஏறாதீர்கள். கட்டிய பணம் போனாலும் போகட்டும், பேருந்து பிடித்து வீட்டுக்கு வாருங்கள்.