ஆறு மணி

அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். திருவேங்கடத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலருக்கும் அதே வேலைதான். கட்டையில் ஒரு குச்சி துருத்திக்கொண்டிருந்தாலும் கணக்கப்பிள்ளை திருப்பித் தந்துவிடுவார், அதுவும் மருந்து முக்குவதற்கு முன்பே. முக்கிய பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது?

லினக்ஸ் கெர்னலில் ‘பில்ட் பக் ஆன்’ என்றொரு சோதனை வரி உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கப்பிள்ளை ஞாபகம் வருவார். கெர்னல் ஓடும்போது தவறினால் மொத்த இயந்திரமும் நின்றுபோகலாம். அதனால் கம்பைல் செய்யும்போதே இந்த வரி மறித்துவிடும். முன்பெல்லாம் நிபந்தனை மீறினால் ஓர் அணியின் அளவு சுழியத்துக்கும் கீழே போகும்படி எழுதியிருந்தார்கள். சி மொழியில் அப்படி ஓர் அணி இருக்கவே முடியாது என்பதால் கம்பைலர் நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி அது.

போன மாதம் ஒரு 32 பிட் போர்டுக்குக் கெர்னல் கட்டியபோது அப்படியொரு வரி மறித்தது. ஒரு ஸ்ட்ரக்சர் 64 பைட் இருக்க வேண்டுமாம். என்னிடம் 44தான் இருந்தது. உள்ளே 5 பாயிண்டர்கள். 64 பிட் இயந்திரத்தில் ஒவ்வொன்றும் 8 பைட், இங்கே 4. இரவு 1 மணி. வரியை அழித்தால் பில்ட் ஓடிவிடும், தூங்கப் போகலாம். கணக்கப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மருந்து முக்குவது போலிருந்தது. கிட் வரலாற்றில் அந்த வரி வந்த நாளைத் தேடிப் போனேன். எழுதியவர் காரணத்தையும் எழுதி வைத்திருந்தார்: ஒரு கேச் லைனுக்குள் அடங்க வேண்டும். அவருக்கு வேண்டியது 64ஐத் தாண்டக் கூடாது என்பது. எழுதியதோ சரியாக 64. அதை மட்டும் திருத்தினேன்.

அன்றிலிருந்து வீட்டு விதிகள் மனதை அரிக்கின்றன. 6 மணிக்குள் வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மா எனக்குச் சொன்னதை நான் மகளுக்குச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் வகுப்பு முடிந்து பஸ் ஏறவே அவளுக்கு 6 ஆகிவிடுகிறது. விதியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அப்படியே வைத்திருந்தால் அவளுக்கு அநியாயம். என் சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை தெருவிளக்கு கிடையாது, அதுதான் காரணம் என்று நானாக நினைத்திருந்தேன்.

நேற்று அம்மாவிடமே கேட்டேன்.

“உங்கப்பாவுக்கு மாலைக்கண்ணு. வெளியில சொல்ல விடமாட்டாரு. இருட்டிட்டா ஒன்னத் தேடி வர முடியாதுல்ல” என்றாள்.