செய்யாத வினையின் பயன்

2024ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, சனிக்கிழமை, நள்ளிரவை நெருங்கும் வேளையில், போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டிகள் நிறைந்த தெருவொன்றின் தேநீர்க் கடையில், வாரம் முழுவதும் விடியுமுன் ஜீப்பேறி போடிமெட்டு வழியே தோட்டங்களுக்குச் சென்று வந்த தொழிலாளர்களும், அவர்கள் பறித்த காயைத் தரம் பிரித்து எடை போடும் மண்டிக் கணக்கர்களும், உறக்கத்தை மறந்து ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்றிருந்தார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டம் அது. பெங்களூரு அணி 218 ஓட்டங்கள் எடுத்திருந்தது. சென்னை அணி வெற்றி பெற 219 வேண்டும். ஆனால் அடுத்த சுற்றுக்குச் செல்ல 201 போதும். கடைசி ஓவரில் அந்த 201க்கு 17 ஓட்டங்கள் தேவைப்பட்டன. முதற்பந்தைத் தோனி அரங்கத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். 191இல் சென்னையின் கணக்கு முடிந்தது. இரண்டு அணிகளும் 14 புள்ளிகளில் சமமாய் நிற்க, நிகர ஓட்ட விகிதம் என்னும் தசமப் பின்னமே ஒருவரை உள்ளே அழைத்து மற்றவரை வீட்டுக்கு அனுப்பிற்று.

கூட்டம் துக்கத்தோடு கலைந்தது; எனினும் அநீதி நடந்துவிட்டதென்று ஒருவரும் சொல்லவில்லை. இதை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த பெங்களூரு, பின்பு ஆறு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்று மேலேறியது. அந்த ஆறும் ஆடி முடிக்கப்பட்டவை. புள்ளிப் பட்டியலுக்குக் கண் இல்லை, கருணை இல்லை, விருப்பு வெறுப்பு இல்லை. செய்தது எதுவோ அதை மட்டும் அது எழுதிக்கொள்கிறது. சித்தாந்த சைவர் சஞ்சிதம் என்று கூறுகிறார்களே, சேர்ந்து குவிந்து கிடக்கும் வினை, அதன் சிறியதொரு பிரதிபிம்பமாகவே அப்பட்டியல் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியம் அதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் தங்கள் கால்பந்தாட்டத்தை, ‘கான்பரன்ஸ்’ எனப்படும் குழுமங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு குழுமத்துக்கும் ஒரு வெற்றி தோல்விப் பட்டியல் உண்டு. பருவம் முடிந்தபின் ‘பவுல்’ என்னும் பெயருடைய ஆட்டங்கள் வரும். கிண்ணம் போன்ற அரங்க வடிவத்தால் வந்த பெயர் அது. தேசியப் பட்டத்துக்கான நான்கு இடங்களை மட்டும் அப்போது பட்டியல் தீர்மானிக்கவில்லை. பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழு கூடித் தீர்மானித்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, பதின்மூன்று ஆட்டங்களில் பதின்மூன்றையும் வென்று, தன் குழுமத்தின் பட்டத்தையும் பெற்றிருந்த ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியை அக்குழு விலக்கி, தலா ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த டெக்ஸாஸ், அலபாமா அணிகளை உள்ளே சேர்த்தது. காரணம், ஃபுளோரிடாவின் தலைமை ஆட்டக்காரர் நவம்பரில் காலொடிந்து வீழ்ந்திருந்தார். அவரில்லாமல் இனி அவர்கள் வெல்லமாட்டார்கள் என்பது குழுவின் கணிப்பு.

வெல்லமாட்டார்கள் என்ற கணிப்பு தவறென்று நான் வாதிக்கவில்லை. அவ்வணி டிசம்பர் 30ஆம் தேதி ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63க்கு 3 என்று தோற்றபோது, ‘பார்த்தீர்களா!’ என்று பலர் கூறினார்கள். மனமுடைந்தவர்களும் எதிர்காலத்தை நாடியவர்களுமாக அணியின் முக்கியமான ஆட்டக்காரர் பலர் அன்று களமிறங்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணிப்பு முழுதும் பலித்திருந்தாலும் என் கேள்வி மாறாது. செய்த வினைக்குப் பயன் தர வேண்டிய இடத்தில், செய்யாத வினையை முன்னே நிறுத்திப் பயனை மறுக்கும் அதிகாரம் மனிதனுக்கு எங்கிருந்து வந்தது?

வினை சடம், அது தானே எழுந்து சென்று தன்னைச் செய்தவனை அடையாளம் கண்டு பயனைச் சேர்ப்பிக்க அறியாது, ஆகையால் சேர்ப்பிக்கும் அறிவுப்பொருளாக இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் ஆழ்ந்த வாதங்களில் ஒன்று. அந்தப் பதின்மூவரும் அறியாமலே அவ்விடத்தில் அமர்ந்தவர்கள்தாம். ஆனால் முக்காலமும் உணர்ந்தவனாகப் போற்றப்படும் அவ்விறைவனும், இன்னான் நாளை இது செய்வான் என்று அறிந்து இன்றே அவனைத் தண்டிப்பதாக நம் சாத்திரம் எங்கும் கூறவில்லை. சஞ்சிதம் சேர்த்து வைத்தது. பிராரத்தம் இப்போது அனுபவிப்பது. ஆகாமியம் இனிப் பயன் தர இருப்பதாயினும் இப்பிறவியில் செய்யப்படுவது. செய்யப்படாதது இம்மூன்றில் எதிலும் அடங்காது. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை அத்தனை உறுதியாகப் பேசிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையை அதைவிட உறுதியாகப் பேசியதை முரண் என்று கருதுவோர் உண்டு. எனக்கு அது முரணாகப் படவில்லை: ஊழ் வருவதைப் பற்றியது, ஆள்வினைக்குக் கிடைக்கும் கூலி செய்ததைப் பற்றியது.

கணிப்பையே நான் வெறுப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். கணிக்காமல் இந்த மலையடிவாரத்தில் யாரும் பிழைக்க முடியாது. கோடை மழை எப்போது இறங்கும், சரம் எத்தனை பிடிக்கும், எட்டு மில்லிமீட்டர்க் காய் எவ்வளவு தேறும், ஏலத்தில் விலை எங்கே நிற்கும் என்று போடி ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் இடுக்கியின் தோட்டங்களைக் குலைத்தது. மறு ஆகஸ்டில் அங்கே கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை ஏலம் போயிற்று. காயை இருப்பு வைப்பதா விற்பதா என்று கணிப்பவன் தன் பணத்தைத் தன் ஊகத்தின்மேல் வைக்கிறான். தவறினால் நஷ்டம் அவனுடையது. பிறன் உழைப்பின் பயனைத் தன் ஊகத்தின்மேல் வைப்பது வேறு காரியம்.

2024 முதல் அமெரிக்கர்கள் நான்கு இடங்களைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். இடம் பெருகியதே தவிர, குழு கலையவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மலைமேல் ஒரு தோட்டத்தின் ஸ்டோர் வாசலில், காய் உலர்த்தும் விறகுப் புகை கண்ணைக் கரிக்க, வாரக் கூலி கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு பெண் வரிசையில் தன் முறை வந்ததும் கையை நீட்டத் தயங்கி, “அடுத்த வாரம் நான் வரமாட்டேங்கய்யா” என்றாள், அதைச் சொல்லாமல் பணம் வாங்குவது குற்றம்போல. வயதான கணக்குப்பிள்ளை நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “இந்த வாரம் ஆறு நாளும் வந்திருக்கியே, தாயி” என்று சொல்லி, ஆறு நாள் கூலியை எண்ணி அவள் கையில் வைத்தார்.