மெல்லுதலும் மதிஞானமும்



நம் இல்லங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசாத நாளில்லை. எந்தப் பள்ளி, எந்தத் தனிப்பயிற்சி, எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் பேசுகிறோம். ஆனால் அப்பிள்ளை வாயிலிட்ட சோற்றை மென்றதா, விழுங்கியதா என்று பார்ப்பவர் அருகிவிட்டனர். எதை உண்ணலாம், எப்பொழுது உண்ணலாம் என்று நம்மைப்போல் நுணுகி வரையறுத்துக்கொண்ட சமயத்தார் மிகச் சிலரே. எவ்வாறு உண்பது என்பதை மட்டும் நாம் மறந்து வருகிறோம். அது அறிவையும் தொடும் செய்தி என்பதால் இவ்விதழில் சிறிது சிந்திப்போம்.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், மதிஞானம் பொறிகளையும் மனத்தையும் துணையாகக் கொண்டு தோன்றுவது எனக் கூறும். அதன் நிலைகள் அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என நான்கு. முதலில் பொருளை மேலோட்டமாகப் பற்றுகிறோம், பின் இது யாது என ஆராய்கிறோம், பின் துணிகிறோம், இறுதியில் மறவாது நிறுத்துகிறோம். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் மேலைநாட்டார் வகுத்த கற்றல் படிகளை மாணவியர்க்குக் கற்பித்தபொழுதெல்லாம், நம் ஆசாரியர் வகுத்த இந்நான்கும் நம் நினைவில் எழுந்ததுண்டு.

இங்கே ஒருவர் வினவலாம்: "ஞானம் குறைவதும் விளங்குவதும் ஞானாவரணீய கர்மத்தால் அன்றோ? அதற்குப் பல்லும் தாடையும் என் செய்யும்?" நல்ல வினா. அறிவு உயிரின் குணம், உபாதானம் உயிரே. ஆயினும் சம்சாரி உயிரின் மதிஞானம் நிமித்தமின்றி நிகழ்வதில்லை. கண் ஒளி மங்கியவர்க்குக் கண்ணாடி அணிவிக்கிறோம். கர்மம் என்று சொல்லி வாளா இருப்பதில்லை. உடல் என்னும் நிமித்தத்தைச் செம்மையாக வைத்தல் இல்லறத்தார் கடமை.

இனி மருத்துவ நூலார் கூறுவதைக் காண்போம். தாடையை அசைக்கும் தசைகள் மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பின் ஆட்சியில் உள்ளவை. பல்லின் அடியிலுள்ள மெல்லிய சவ்வு, கடிபடும் பொருளின் கடினத்தை நொடிதோறும் அதே நரம்பின் வழியே மூளைக்கு அறிவிக்கிறது. 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒருவர் மெல்லும்பொழுது அவர் மூளையைக் காந்த அதிர்வுப் படக் கருவியால் நோக்கினர். உணர்ச்சிக்கும் இயக்கத்திற்கும் உரிய புறணிப் பகுதிகளிலும், தாலமசிலும், சிறுமூளையிலும் செயல் மிகுந்தது கண்டனர். வாய் மட்டும் செய்யும் வேலை என்று நாம் எண்ணியது அவ்வாறில்லை.

அதே நாட்டில் எலிக்குஞ்சுகளுக்குப் பால் மறந்த நாள் முதல் மாவுணவே கொடுத்து வளர்த்து, 2017இல் ஆய்வுரை வெளியிட்டனர். மெல்ல வேலையின்றி வளர்ந்தவற்றுக்குத் தாடை எலும்பு குன்றியது. நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் நரம்பணுக்களும் குறைந்தன. கற்றதை நினைவில் வைப்பதிலும் அவை பின்தங்கின. இச்செய்தியை எழுதும்பொழுது நம் மனம் நோகாமல் இல்லை. அறிவைத் தேடுவதற்கும் சிற்றுயிரை வருத்தும் வழியைப் பாராட்ட அருகன் நெறியினரால் இயலாது. எலிக்குக் கண்டது மனிதப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது.

மனிதரிடம் நிகழ்த்தியவற்றுள் ஒன்று அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நடந்தது. 13 முதல் 16 வயது வரையுள்ள 108 மாணவருள் ஒரு பகுதியினர், கணித வகுப்பிலும் வீட்டுப்பாடத்தின்போதும் சூயிங்கம் மென்றனர். 14 வாரங்களுக்குப் பின் பொதுத் தேர்வுமுறைக் கணித மதிப்பெண் சுமார் 3 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் வேறொரு கணிதத் தேர்வில் வேறுபாடு காணவில்லை. ஆய்வுக்குப் பொருளுதவி செய்ததும் சூயிங்கம் விற்கும் நிறுவனத்தின் அமைப்பே! நினைவாற்றல் பற்றிய பிற ஆய்வுகளிலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. மெல்லும் நேரத்தில் விழிப்பும் கவனமும் சிறிது கூடுகின்றன என்ற அளவே கொள்வது நேர்மை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்குச் சூயிங்கம் வாங்கித் தராதீர். சிலவற்றில் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய ஜெலட்டின் சேர்கிறது. நமக்குச் சோறும் காயும் போதும்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை பள்ளிவிட்டு வீடு சேர மாலை ஐந்தேகால் ஆகிறது. கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்னரே கதிரவன் மறைகிறான். தாய் என்ன செய்வாள்? ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து, கைப்பேசியைக் கண்முன் வைத்து, "சீக்கிரம் விழுங்கு கண்ணு, பொழுது போகுது" என்று ஐந்தே நிமிடத்தில் ஊட்டி முடிக்கிறாள். அவளைக் குறை கூற நாம் எழுதவில்லை. தனிப்பயிற்சியைக் காரணங்காட்டி இரவுண்ணாமையையே கைவிட்ட இல்லங்கள் நடுவே, அவள் அதைக் காத்து நிற்கிறாள். ஆயினும் இரவுண்ணாமை எதற்காக? உணவில் விழும் சிற்றுயிரைக் கண்டு விலக்க ஒளி வேண்டும் என்பதற்காக. பிள்ளையின் கண் திரையில் இருக்க, கவளம் காணப்படாமலே தொண்டைக்குள் இறங்குமானால், பகலில் உண்டும் அந்நோக்கம் பாதியே நிறைவேறுகிறது.

நம் ஊருக்கு முனிவர் எழுந்தருளி ஆகாரம் ஏற்பதைப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். நாளுக்கு ஒரே வேளை, நின்றபடியே, கையே கலம். ஒவ்வொரு கவளத்தையும் உள்ளங்கையில் நோக்கி, மயிரோ சிற்றுயிரோ காணின் அந்தராயம் எனக் கொண்டு அன்றைய உணவையே விடுகின்றார். பசித்தவர் அவசரப்படலாம் என்றால் முதலில் உரிமை அவருக்கன்றோ! ஆடவர்க்கு நிறைவான உணவு 32 கவளம் என்று கணக்கிட்டு, அதிலும் குறைத்துண்பதை அவமோதரியம் என்னும் தவமாக்கினர் நம் முன்னோர். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பர். விழுங்குபவனுக்குக் குறைத்துண்ணல் எங்ஙனம் கைகூடும்?

ஆகவே மாலை உணவைச் சிறிதாக்கி, நண்பகல் உணவைப் பெரிதாக்கலாம். தனிப்பயிற்சி ஆசிரியரிடம் அரைமணி தள்ளி வருவதாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கேட்பதற்கு நாம்தான் கூசுகிறோம். பச்சைக் காரட்டைக் கடிக்கச் சொல்லும் பல் மருத்துவரிடம், கிழங்கு விலக்கியோர் எனக் கூறி வேறு கேளுங்கள். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்தில் மணிலாக்கொட்டைக்கும் கரும்புக்கும் பஞ்சமில்லை. தேங்காய்க் கீற்று, பொரிகடலை, சுண்டல், கைக்குத்தல் அரிசிச் சோறு எல்லாம் பல்லுக்கு வேலை தருவனவே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் முழுக்கொட்டை தரலாகாது, மூச்சுக்குழலில் சிக்கும்.

வரும் அட்டமியன்று ஒரு வேளை மட்டும், மௌனமாக, கைப்பேசியின்றி, ஒவ்வொரு கவளத்தையும் கண்ணால் பார்த்து மென்றுண்ணும்படி பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை வேண்டுவோர் ஜப்பானிய அரசு தன் மக்களுக்குப் பரிந்துரைத்தவாறு 30 முறை என்று கொள்ளலாம். வாயில் சோறு கரையும் வரை என்பது அதனினும் எளிது. பெரியோரும் உடனமர்ந்து அவ்வாறே உண்ணவேண்டும். நம்மில் பல் உதிர்ந்தோர்க்குக் குழைந்த சோறே ஆகட்டும். அதையும் அவசரமின்றி உண்ணலாமே.