எனக்கு மட்டும் கேட்பது

அப்பா கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். "காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே இருக்குது" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "வயசானா அப்படித்தானுங்கப்பா."

சென்ற ஆண்டிலிருந்து எனக்கும் கேட்கிறது. ஃபிரிட்ஜின் முனகல் என்று நினைத்து நள்ளிரவில் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை. செவிச் சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை.

உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள் உள்ளன. பேரிரைச்சலில் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள், கேட்கும் திறன் குறையாத 80 பேரை ஓசையற்ற அறையில் உட்காரவைத்தார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்.

வெளியே ஒலி இல்லை, ஆனால் கேட்கிறது. இது உண்மையா என்ற கேள்வி எனக்குக் கடினமானதாக இல்லை. பல்வலியைக்கூட வெளியிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. அடுத்தவருக்கு மட்டும் கேட்பதை நான் எதைக்கொண்டு நம்புவது என்பதே கடினமான கேள்வி.

என் தொழிலில், பயனர் சொல்லும் பிழை நம் கணினியில் தோன்றாவிட்டால் புகாரை மூடிவிடுவோம். அப்பாவின் புகாரையும் அப்படித்தான் மூடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அவரிடம் ஆதாரம் இருந்தது. சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் உழைத்தவர்களிடம் வழக்கமாகக் காணும் பள்ளம். அதை வாட்ஸப்பில் பார்த்தவன் நான். அந்த ஆலைச் சம்பளத்தில் படித்தவனும் நான். நம்பியிருந்தால், என் படிப்புக்கு அவர் காது கொடுத்த விலையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

எல்லோரையும் நம்பினால் ஏமாற மாட்டோமா? ஏமாறலாம். பொய் சொல்பவரிடம் நான் இழப்பது பத்து நிமிடம். உண்மை சொல்பவரை நம்பாவிட்டால், தன் துன்பத்தோடு அவர் தனியாக விடப்படுகிறார்.

போன மாதம் அப்பாவிடம் என் காதைப் பற்றிச் சொன்னேன். ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரி தூங்கறயா கண்ணு?" என்றார்.

அதன் பிறகுதான், முதல்முறையாக, அவருடைய சில்வண்டு எப்படிக் கத்தும் என்று கேட்டேன்.