கறையைக் காட்டியவர்
கோட்டாறு கடைத்தெருவில் எந்தக் குற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "கேமரா இருக்குல்லா, மாட்டிருவான்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த நம்பிக்கை 2020 ஜூனோடு போயிற்று. சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள் என்றது மாஜிஸ்திரேட் அறிக்கை. அங்கே அடிபட்டு இறந்த தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்று சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி.

தடயம் பொய் சொல்லாது, சரிதான். ஆனா அது தானா எழுந்து வந்து சாட்சியும் சொல்லாதே! தடய அறிவியல்மேல் நமக்கிருக்கும் பிரியத்தில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது என்று படுகிறது. கறை பேசிவிட்டால் நாம் வாய் திறக்க வேண்டாமே.

ரேவதியும் வாக்குமூலத்தில் கையெழுத்திடத் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகே போட்டார்.